சுழி இருக்க வேண்டிய இடம்

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். ஜெசிந்தாவின் டிபன் பாக்ஸ் மேசையில் மூடியபடியே இருந்தது. உள்ளே எலுமிச்சைச் சாதம், வயிற்றில் பசி, ஆனாலும் கை என்னவோ மவுசை விட்டு வரமாட்டேன் என்றது. திரையில் ஒரு சின்ன அம்புக்குறி, அதன் நுனியில் நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் தன் தம்பி கஸ்பாரோடு பேசிய அழைப்பின் விவரக் கோப்பு. பேசிய பேச்சு அதில் இருக்காது. பேச்சு தொடங்கும் முன்னால் அக்கா போனும் தம்பி போனும் தங்களுக்குள் என்ன ஒப்பந்தம் பண்ணிக்கொண்டன என்பது மட்டும்தான் இருக்கும். ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும், திறந்தால் இரண்டாவது வரியில் ஒரு சுழி இருக்கும். அந்தச் சுழியைப் பார்க்கத்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பார்க்கத்தான் பயந்துகொண்டும் இருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகுறுப்பு, பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நாரை நாக்கு விடாமல் துழாவுகிற மாதிரி. துழாவினால் வலிக்கும் என்று தெரியும், தெரிந்து நாக்கு கேட்டதா. எல்லாம் காலையில் சென்னியப்பனோடு வந்த வாக்குவாதத்தால் வந்த வினை. கோயம்புத்தூரில் இந்த அலுவலகத்தில் அவர்கள் செய்வது இணையத்தில் பேசுவதற்கான ஒரு செயலி. சென்னியப்பன் அதைக் கட்டுகிறவர், இவள் அதை உடைத்துப் பார்க்கிறவள், உடைந்தால் இவளுக்கு மகிழ்ச்சி, அவருக்குத் தலைவலி. ஒரு போன் இன்னொரு போனைக் கூப்பிட்டால் முதலில் ஒரு சீட்டு அனுப்பும். முதல் வரி, குரலுக்கு இந்தக் கதவு. இரண்டாவது வரி, படத்துக்கு இந்தக் கதவு. மூன்றாவது, எழுத்துக்கு இந்தக் கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண். கதவைக் கணினிக்காரர்கள் போர்ட் என்பார்கள், தூத்துக்குடிக்காரியான இவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் உப்புக்காற்றும் கப்பலின் ஊதலும்தான் முதலில் நினைவுக்கு வரும், போகட்டும். எதிர்முனை அதே வரிசையில் பதில் எழுத வேண்டும். படம் வேண்டாம் என்றால் தாராளமாக மறுக்கலாம். ஆனால் அந்த வரியை அழிக்கக் கூடாது. வரி அதே இடத்தில் நிற்கவேண்டும், கதவு எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுழி, அதாவது பூஜ்யம், போடவேண்டும், அதுதான் மறுப்பதற்கான முறை. சென்னியப்பன் புதிய பதிப்பில் என்ன செய்துவைத்திருந்தார் என்றால், மறுத்த வரியையே தூக்கி எறிந்திருந்தார்.

"வேண்டாங்கறவனுக்கு எதுக்குங்க ஒரு வரி? எடுத்துப்போட்டா சீட்டு சுத்தமா இருக்குமில்லீங்க?" என்றார் அவர்.

"பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடறப்போ பன்னெண்டாம் நம்பர் வரலைன்னா பதிமூணாவது பையனப் பன்னெண்டுன்னா கூப்பிடுவாங்க? ஆப்சென்ட் போட்டுட்டு எடத்த அப்படியே வைப்பாங்க. நீங்க வரிய எடுத்ததுல எழுத்துக்கு வச்ச கதவு படத்தோட எடத்துக்கு ஏறி வந்துருது. அந்தப் பக்கத்து போனு எழுத்தப் படம்னு நெனச்சு முழிக்குது."

"சரிங்க, ஒத்துக்கறனுங்க. நெசமாலுமே ஒருத்தர் வீடியோ வேண்டாம்னு சொன்ன அழைப்பு ஒண்ணு, பழைய பதிப்புல, சுழியோட எடுத்துக் காட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள மாத்திப்போடறேன்."

சுழிக்கு அவள் எங்கே போவாள், எங்கும் போகவேண்டாமே, வீட்டிலேயே இருக்கிறதே என்று சட்டென்று தோன்றியது அப்போதுதான். தோன்றிய பிறகு அது உறுத்த ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் இந்தச் செயலியை ஏற்றிவைத்திருந்தாள், சோதனைக்கு எலி தேடி எங்கே அலைவது. கஸ்பார் போனிலும் அவளேதான் ஏற்றினாள், அம்மா இருந்தபோது. அவன் இப்போது ஒடிசாவில் பாரதீப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்ததும் அவனைக் கூப்பிடுவாள், வீடியோவில்தான் கூப்பிடுவாள், முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். ஆனால் முகம் வராது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் 'க' என்று ஓர் எழுத்து, கீழே 'எதிர்முனையில் வீடியோ இல்லை' என்று ஒரு வாசகம். அந்த வாசகத்தை எழுதியது சென்னியப்பன், சரிபார்த்தது இவள். அம்மா அடக்கம் முடிந்து அவன் கிளம்பிப் போனதிலிருந்து இப்படித்தான். முதல் வாரம் சிக்னல் சரியில்லை என்று நினைத்தாள், அடுத்த வாரம் போன் கேமரா பழுதாகியிருக்கும் என்று நினைத்தாள், அப்புறம் நினைப்பதை நிறுத்திக்கொண்டு அந்த வட்டத்தோடேயே பேசப் பழகினாள். போனைக் கடுகு டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டு, சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டே, நைட்டியில், எண்ணெய் வழிகிற தலையோடு. பார்க்கிறவன் யார், வட்டம்தானே. கேட்டுவிடலாம், ஏல, ஏன் மூஞ்சிய மறைக்க, என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், அதுதான் பயம். சோதனைக்காரிக்குப் பதிலைக் கண்டு பயம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மறுப்புக்குக் காரணம் எதுவும் சுழியில் எழுதியிருக்காது, சுழி ரொம்பச் சிக்கனமான பதில். அந்த வரியில் சுழி இருந்தால் கேமராவும் பழுதில்லை, சிக்னலும் பழுதில்லை, தம்பி கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி அக்கா எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், வாராவாரம் சொல்லியிருக்கிறான் என்று ஆகிவிடும். அம்மாவும் போன பிறகு பூமியில் இவளுக்கு அம்மா வயிற்று உறவென்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான்.

சுழி, சுழி. சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வாய்க்குள்ளேயே சுற்றுகிறது. ஆறாம் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி பரீட்சைத் தாள் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவாள், அதைப் பார்த்து இவளுக்கு ஆசை, இவள் போடவேண்டியது சிலுவை. சிலுவை இரண்டே கோடு, பிள்ளையார் சுழியில் ஒரு வளைவு உண்டே, அந்த வளைவுக்காக ஒருநாள் இரண்டையும் போட்டுவைத்தாள், சிஸ்டர் தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். கஸ்பாருக்குத் தலையிலேயே சுழி, அதுவும் ரெட்டைச் சுழி. பெட்டித்தொட்டிலில் கிடந்தவன் தலையைப் பார்த்துவிட்டுத் தெருப் பெண்கள் எல்லாரும், இவன் யார் பேச்சையும் கேட்க மாட்டான் பாரு என்றார்கள். பாவம், அவர்கள் கணிப்பு அப்படியே தலைகீழானது. சொன்ன பேச்சைக் கேட்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. சொன்னதை அப்படியே கேட்பான், எழுத்துக்கு எழுத்து, அதுதான் அவனிடத்தில் உள்ள தொந்தரவு. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், குடில் ஜோடித்து அவனுக்குக் காட்டலாம் என்று, ஏல கண்ண மூடு, நான் சொல்லுறவரைக்கும் தொறக்கக்கூடாது என்று சொல்லி முற்றத்தில் உட்காரவைத்தாள். வைக்கோல் போதவில்லை, வாங்கப் போனாள், போன இடத்தில் தோழி வீட்டில் பல்லாங்குழி, மறந்தே போனாள். அம்மா தேடிவந்து முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் ஓடினாள். பையன் வெயிலில் உட்கார்ந்திருந்தான், கண்ணை இறுக்கி மூடியபடி, இமையோரம் ஈரம், மூக்கில் ஈ. அப்பமும் தொறக்கட்டுமாக்கா என்றுதான் கேட்டான். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இன்றைக்கு நினைத்தால் ஏன் சிரித்தோம் என்று இருக்கிறது. அந்தக் குணம்தானே அம்மா விஷயத்திலும். லீவில் ஊருக்கு வந்திருந்தான், அம்மாவுக்கு நெஞ்சில் சளி, காய்ச்சல். அக்காட்ட சொல்லாதய்யா, அவளுக்கு ஆபீசுல வேல தலைக்குமேல கெடக்கு, கேட்டா போட்டது போட்டபடி ஓடி வந்துருவா என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவன் சொல்லவில்லை. இவள் நடுவில் போன் பண்ணி அம்மா என்ன செய்யுதா என்று கேட்டபோது, படுத்திருக்கா என்றான். அது பொய் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். பொய் சொல்லாமல், சொல்லாதே என்ற சொல்லையும் மீறாமல், நடுவில் ஒரு நூல்மேல் நடந்திருக்கிறான் மடையன். இவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா பெட்டிக்குள், மல்லிகைப்பூவுக்கு அடியில், இரண்டு கையிலும் ஜெபமாலை சுற்றிக்கொண்டு. அந்த மல்லிகை வாசனை இப்போதும் எங்கேயாவது கல்யாண வீட்டில் வந்தால் அவளுக்குக் குமட்டும்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் என்ன பேசினாள் என்பது மட்டும் சரியாக நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, அல்லது நினைவு பக்கத்தில் வரும்போது இவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வெயில், காலில் ஒட்டிய செம்மண், சித்திமார் நாலைந்து பேர், யாரோ ஒருத்தர் தோளைப் பிடித்தது, அதை உதறியது, இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. வாயிலிருந்து வந்தது மட்டும் தெளிவாக இல்லை. கொலைகாரா என்று சொன்னாளா, இல்லை, அதைச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. வேறென்னவோ, எல்லாரும் கோபத்தில் சொல்கிறதுதான். அவன் தலையைக் குனிந்தான், குனிந்தவன் நிமிரவேயில்லை, கடைசியாக இவள் பார்த்தது அந்த ரெட்டைச் சுழியைத்தான், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு நரை. அப்புறம் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படி இருக்கும் இப்போது. தாடி வளர்த்திருப்பானோ. கிரேன் இரும்புக்கயிறு அறுந்து கன்னத்தில் கிழித்திருக்குமோ, அதை மறைக்கிறானோ. குடிக்கிறானோ, கண்ணெல்லாம் சிவந்து. இல்லை, பக்கத்தில் யாராவது ஒடியாப் பெண் இருக்கிறாளோ, இருந்தால் நல்லதுதானே, அதற்கு ஏன் மறைக்க வேண்டும், மடையன். ஒவ்வொரு முகத்தையும் அந்தச் சாம்பல் வட்டத்துக்குள் வைத்துப் பார்த்திருக்கிறாள், செதில் உரசிக்கொண்டே, ஒன்றும் பொருந்தவில்லை. குரல் மட்டும் அதே குரல். மூன்று வாரம் முன்னால் திடீரென்று, எக்கா அடுப்பக் கொற, கொழம்பு பொங்குது என்றான். திரும்பிப் பார்த்தால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. கிரேன்காரனுக்குக் காது கூர்மை என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு முந்தி ஒருநாள், ஏன் இப்படி எளச்சுட்ட என்று கேட்டான். கொரல்லயே தெரியுதாக்கும் என்றாள் இவள். சரி, போதும், இப்படி எத்தனை நேரம். ஊரெல்லாம் அனுப்பிய பிழைகளைத் திறந்துபார்க்கிறவள் இதையும் திறக்க வேண்டியதுதான் என்று தனக்குள் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, தட்டினாள்.

முதல் வரி, குரலுக்கு ஒரு கதவு எண். இரண்டாவது வரி, படத்துக்கு. சுழி இல்லை. ஐந்து இலக்கத்தில் ஓர் எண், உயிருள்ள எண், திறந்த கதவு. தப்பான கோப்பைத் திறந்துவிட்டோம் என்று மூடினாள், பெயரைப் பார்த்தாள், கஸ்பார்தான், நேற்றுத்தான். மறுபடி திறந்தாள். எண். அதற்கு முந்திய ஞாயிறு, எண். அதற்கும் முந்தியது, எண். ஒரு இடத்திலும் சுழி கிடையாது. தம்பி ஒருநாள்கூட மறுக்கவில்லை. அப்படியானால் படம் எங்கே. மூளைக்குள் பழைய சோதனைக்காரி விழித்துக்கொண்டாள், பயம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. அந்த எண்ணுக்கு அடியிலேயே இன்னொரு சின்னச் சொல் இருக்கும், யாரும் அவசரத்தில் பார்க்கமாட்டார்கள். பார்த்தாள். ரிசீவ் ஒன்லி. வாங்கிக்கொள்ள மட்டும். உன் படம் எனக்கு வரட்டும், என் படம் உனக்கு வராது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். வீடியோ அழைப்பு வரும்போது எடுப்பதற்கு இரண்டு விதம் உண்டு, அவளே ஆயிரம் தடவை அழுத்திப் பார்த்திருக்கிறாள். 'குரல் மட்டும்' என்ற பொத்தானை அழுத்தினால் சுழி போகும். பக்கத்தில் 'கேமரா இல்லாமல்' என்று இன்னொன்று, அதை அழுத்தினால் இந்த 'வாங்கிக்கொள்ள மட்டும்' போகும். கூப்பிட்டவள் திரையில் இரண்டுக்கும் அதே சாம்பல் வட்டம்தான், அதே வாசகம்தான், அவளுடைய படத்தையும் செயலி மறைத்துவிடும். ஆனால் இதில் மறைப்பது மட்டும்தான், அனுப்புவதை நிறுத்தாது. போன் உச்சியில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும், அவள் அதை மைக்குக்கு என்று நினைத்திருந்தாள், ஊருக்கெல்லாம் பிழை சொல்கிறவள். அப்படியானால் அவன் பார்த்திருக்கிறான். வாராவாரம் பார்த்திருக்கிறான். நைட்டி, எண்ணெய்த் தலை, செதில் ஒட்டிய முழங்கை, மூக்கைச் சொறிந்தது. பொங்கிய குழம்பை. இளைத்த கன்னத்தை. அம்மா பிறந்தநாளன்று நல்லாயிருக்கேன்டா, எனக்கென்ன கொறச்சல் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே, சத்தம் வராமல், நைட்டிக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் போட்டாளே, அதையும். அன்றைக்கு அவன் நடுவில், தண்ணி குடிக்கா என்றான். முகம் சூடானது, வெட்கம்தான், வெட்கத்துக்கு அடியில் என்னவோ இளகிக் கொடுத்தது. சரி, அவன் ஏன் காட்டவில்லை. காயமா, தாடியா, என்று மறுபடி அந்தப் பழைய சுற்றுக்குள் போகப்போனவள் ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள். காட்டவில்லை. காட்டாதே. செம்மண் ஒட்டிய கால், உதறிய தோள், வாயிலிருந்து வந்தது இப்போது தெளிவாகக் கேட்டது, அவள் குரலிலேயே, சித்திமாருக்கு முன்னால்: இனிமே ஒம் மூஞ்சிய எங்கிட்ட காட்டாத. எல்லாரும் கோபத்தில் சொல்கிறதுதான். எல்லாரும் கேட்டு மறந்துவிடுகிறதுதான். சொன்னவளே மறந்துபோய் அடுத்த மாதம் வீடியோவில் கூப்பிட்டாளே. ஆனால் யாரிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஏனுங்க, சுழி கெடைச்சுதுங்களா?" சென்னியப்பன் பல்குத்தியோடு வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் பல்குத்தியைக் கீழே இறக்கினார்.

"இல்லீங்க. சுழி இல்ல. உங்க சாம்பல் வட்டத்துல ஒரு பெரிய தப்பு இருக்கு, அப்புறமா சொல்றேன்."

"சரிங்க, நான் போயி ரெண்டு டீ சொல்லிட்டு வர்றனுங்க" என்று அவர் வந்த வழியே திரும்பினார், நல்ல மனிதர்.

போனை டிபன் பாக்ஸ்மேல் சாய்த்துவைத்தாள். வீடியோவில் கூப்பிட்டாள். கணினித் திரையில் அவளுடைய சீட்டு போவது வரிவரியாகத் தெரிந்தது. முதல் மணியிலேயே பதில். இரண்டாவது வரியில் எண், அதன் கீழே, வாங்கிக்கொள்ள மட்டும். போனில் சாம்பல் வட்டம்.

"எக்கா? இன்னைக்குத் திங்கக்கெழமல்லா. என்னாச்சு? ஏன் அழுத?"

அவள் அழுதுகொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. துடைக்கவில்லை. "நீ பாக்கியால?"

 பின்னால் கடல்காற்று இரும்பில் மோதுகிற சத்தம், கிரேன் கூண்டுக்குள் இருக்கிறான் போல.

"கேக்கம்லா. பாக்கியா?"

"பாக்கேன்."

"எப்பமிருந்து?"

"நீ மொத கூப்புட்ட நாள்லேர்ந்து."

"எனக்கு மட்டும் ஏம்ல காட்ட மாட்டேங்க?"

"நீதானக்கா சொன்ன." குறைபட்டுக்கொள்ளவில்லை, யாரோ மணி கேட்டதற்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். "ரெண்டு சொன்ன. ஒம் மூஞ்சிய எங்கிட்ட காட்டாதன்னு சொன்ன, காட்டல. எம் மூஞ்சில முழிக்காதன்னும் சொன்ன."

அதையும் சொன்னாளா. சொல்லியிருப்பாள். ஒன்று வந்தால் மற்றது தானாக வருமே, அவள் வாயில் மட்டுமா.

"அது மட்டும் என்னால முடியலக்கா" என்றான் கஸ்பார். "கண்ண மூடிட்டுத்தான் எடுப்பேன். ஒங் கொரல் கேட்டதும் தொறந்துருது."

வாழ்நாளில் அவன் சொல்பேச்சு மீறிய ஒரே தடவை இதுவாகத்தான் இருக்கும். அவளுக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம். அதைச் சொன்னால் இந்தப் பயலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது, அவனுக்குச் செய்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

"ஏல கஸ்பார். ஒம் மூஞ்சிய எங்கிட்ட காட்டு. எம் மூஞ்சில முழி. ரெண்டும் நாந்தான் சொல்லுதேன்."

 கணினித் திரையில் கீழே புதிதாக ஒரு சீட்டு முளைத்தது, இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து. இரண்டாவது வரி, அதே இடம், அதே எண். வாங்கிக்கொள்ள மட்டும் என்ற சொல் போய் அனுப்ப, வாங்க என்று ஆகியிருந்தது. வட்டம் மங்கிற்று, சாம்பல் கலைந்தது, முதலில் நீலமாகக் கடலோ வானமோ, அப்புறம் ஒரு தலை. குனிந்த தலை. ஹெல்மெட்டைக் கழற்றிய வியர்வையில் முடி படிந்து, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, ரெட்டைச் சுழி. நடுவில் நரை கூடியிருந்தது.

"நிமிரு" என்றாள் ஜெசிந்தா.

சொன்னதும் நிமிர்ந்தான்.